நடுங்கிய ஏழு படங்கள்

தம்பி,

கடிதம் என்றால் முதலில் விலாசம் எழுத வேண்டும். உன் விலாசம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை லண்டன் கிங்ஸ்பரி மரக்கறிக் கடை வாசலில் இலவசமாக அடுக்கிவைக்கும் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். இடியப்பத் தட்டு விளம்பரத்துக்கும் நினைவஞ்சலிப் பக்கத்துக்கும் நடுவில் எங்காவது போடுவார்கள். யாராவது ஒருவர் இதில் கருவாடு சுற்றிக்கொண்டுபோய், வீட்டில் பிரிக்கும்போது வாசித்து, போனில் படம் எடுத்துத் தன் மருமகனுக்கு அனுப்ப, அவன் உனக்கு அனுப்பிவைப்பான். நம் சனத்தின் தபால் சேவை அது. ஊர்வாய் என்று நான் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த வாயைத்தான் நம்பி நிற்கிறேன். உன் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் விளங்கும். பகலில் பஸ் ஓட்டிவிட்டுப் பின்னேரத்தில் கூரைக்குள் விளையாட்டு ரயில் ஓட்டுகிற விசர் மனுசன் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான் இருக்கிறான்.

நான் நலம் என்று எழுதினால் பொய். நீ நலமா என்று கேட்டால், கேட்க வேண்டிய நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று நீ கேட்பாய். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: அமெரிக்காவில் இருந்தேன். வாசிக்கிறவர்கள் குழம்பக் கூடாது. எங்கள் வீட்டில் அமெரிக்கா என்றால் லொஃப்ட். மாடி அறைகளுக்கும் மேலே, ஏணி வைத்து ஏறுகிற அந்தக் கூரை இடுக்கில்தான் என் ரயில் சந்தி இருக்கிறது. சிக்காகோவுக்குத் தெற்கே, ஐம்பதுகளில், நாலு பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போன ஒரு சந்தியின் சின்ன உரு. நான் ஏணியில் ஏறினால் உன் அம்மா அயலுக்கே கேட்கச் சொல்லுவாள், “உவர் அமெரிக்காவுக்குப் போயிட்டார். இனிப் பசிச்சால்தான் விசா முடியும்.” நீயும் பழகிவிட்டாய். போனில் யாராவது கேட்டால், “அப்பா அமெரிக்காவிலை, பிறகு எடுங்கோ” என்பாய். உன் பெரியப்பா ஒருமுறை அதை உண்மை என்று நம்பி, வரும்போது சொக்லெட் வாங்கிவரச் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும்.

போன மாதம் ஆர்ச்வே கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது மகேஸ் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். அவருடைய பிடியில் அகப்பட்டால் ஒன்று சீட்டு, இல்லை செய்தி.

“உங்கடை மகன் அமெரிக்காவிலையாம். கலியாணத்துக்கும் நாள் வைச்சிட்டாராம். எங்களுக்கு ஒரு வாய் சொல்லேல்லைப் பாருங்கோ!”

“அமெரிக்காவிலையோ? அக்கா, அங்கை நான்தானே ஒவ்வொரு நாளும் இருக்கிறன். ஒரு நாளும் காணேல்லை.”

வரிசையில் நின்ற நாலுபேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“விசரோ உங்களுக்கு? சிக்காகோவிலை. மருமோன்ரை போனிலை நானே படம் பாத்தனான். தகப்பனுக்குத் தெரியாதோ?”

தெரியாது தம்பி. பதினொரு மாதமாக நீ என்னோடு கோபித்துக்கொண்டு லூயிஷாமில் நண்பன் வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். மருமகன் அனுப்பிய படத்தைத் திறந்து அக்கா தன் போனை நீட்டினார். இதையும் சொல்லிவிடுகிறேன், நீ என்னை மன்னிக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமாக இருக்கட்டும். ஒரு ரயில் மேடையில் நீயும் அந்தப் பிள்ளையும் நிற்கிறீர்கள்; பின்னால் ஒரு வெள்ளி நிற ரயில். நான் முதலில் பார்த்தது ரயிலை. ‘இது புது வகை, பழைய பெட்டிகளின் பக்கத் தகட்டில் நெளிவு இருக்கும்’ என்று மனத்துக்குள் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் மருமகளாக வரப்போகிறவளின் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். நீ மெலிந்திருக்கிறாய்.

அந்த ரயில் முதலில் உன்னுடையது. இதை நான் ஊருக்கெல்லாம் மாற்றிச் சொல்லியிருக்கிறேன், இப்போது திருத்துகிறேன். உன் பத்தாவது பிறந்தநாளுக்கு, லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த பழைய விளையாட்டுச் சாமான் விற்பனையில் அந்தப் பெட்டியை வாங்கினேன். தனியாக ஒரு ஸ்டேஷனும் பிளாஸ்டிக் பயணிகளும் வாங்கினேன். ரயில் அமெரிக்கன், ஸ்டேஷன் இங்கிலீஷ். இரண்டும் ஒரே அகலத் தண்டவாளத்தில் ஓடும், ஆனால் உருவ அளவு வேறு என்பது எனக்கு எப்படித் தெரியும்? விற்ற கிழவனும் சொல்லவில்லை. முன்னறை ஹோலின் கம்பளத்தில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபோது, மேடையில் நின்ற பயணிகளின் தலை ரயில் கதவுக்கு மேலே நின்றது.

“அப்பா, இந்த ஆக்கள் உள்ளை போக ஏலாது. தே ஆர் டூ பிக்,” என்றாய் நீ.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பாவங்கள், அகதியள் போல. கோச்சி வரும், நிக்கும், ஏறத்தான் விடாங்கள்.”

நீ சிரித்து உருண்டாய். எனக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. சரியான அளவில் அமெரிக்க ஆட்கள், அமெரிக்கக் கட்டடங்கள், அமெரிக்கச் சிக்னல் என்று தேடத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் ரயில் கம்பளத்தை விட்டு லொஃப்டுக்குப் போனது. ஒரு வருடத்தில் “கை வைக்காதை” என்ற சட்டம் வந்தது. உனக்கென்று வாங்கியதை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, ‘பொடியனுக்கு ஆர்வமில்லை’ என்று கோயிலில் முறைப்பாடும் சொன்னேன். அந்தச் சந்தியில் நீ செய்ததாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. சிக்னல் கோபுரத்தின் ஜன்னலில் நிற்கும், என் சுண்டுவிரல் நகம் அளவு மனிதன். சட்டை நீலம், முகம் மண்ணிறம். ஐம்பதுகளில் அந்தக் கோபுரத்தில் இந்த நிறத்தில் ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் சொன்னபோது, “அது நீங்கள்தானே அப்பா” என்றாய். மாற்றிப் பூசத்தான் இருந்தேன். தூரிகை அவ்வளவு சின்னதாகக் கிடைக்கவில்லை, அதனால் தப்பினான்.

ஓட்டுவதைவிடப் படம் எடுப்பதில்தான் எனக்குப் பைத்தியம் முற்றியது என்று உனக்குத் தெரியும். இதை நாலு பேருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். சின்னச் சாமானைக் கிட்டப் பிடித்தால் கமெராவுக்கு முன்னால் நிற்கும் இஞ்சின் தெளியும், பின்னால் கோபுரம் மங்கும். இரண்டும் தெளிய வேண்டுமென்றால், பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி நாற்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு படத்துக்கு நாலைந்து விநாடி. அந்த நேரம் முழுக்க எதுவும் அசையக் கூடாது. லொஃப்டின் பலகை, கீழே மாடி, ஏணி எல்லாம் ஒரே மரச்சட்டத்தில் தொங்குகின்றன; குளியலறைக் கதவை அறைந்தாலே அமெரிக்காவில் நிலநடுக்கம். “அசையாதை!” என்று நான் மேலிருந்து கத்தினால் நீயும் அம்மாவும் நின்ற இடத்தில் சிலையாக நிற்பீர்கள். அம்மா ஒருமுறை ஒற்றைக் காலில் நின்றாள், பக்திப் படத்தில் தவம் செய்கிற முனிவர் மாதிரி. சிரித்தோம். இப்போது யோசித்தால், ஒரு மனிதன் தன் வீட்டில் இருக்கிறவர்களை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறானே என்று வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் கடைசி ஐந்து மாதத்தையும் எழுதத்தான் வேண்டும். ஹோலில் கட்டில் போட்டோம். நீ ஷிப்ட் மாற்றினாய், மருந்துப் பெட்டியில் நாளெழுதினாய், சூப் வைக்கப் பழகினாய். நான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, அவளுக்கு முன்னால் நின்று ஒரு பகிடி விடுவேன். அவள் சிரிப்பாள். சிரித்ததும் என் கடமை முடிந்தது என்று ஏணியில் ஏறிவிடுவேன். மேலே யாருக்கும் நோய் வருத்தமில்லை, தம்பி. மேலே எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்தது. வெள்ளிப் பெட்டிகள் வடக்கே போகும், நிலக்கரி வண்டி நின்று வழிவிடும், கடைசியில் கார்ட் இருக்கிற சிவப்புப் பெட்டி. எதை நிறுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்பது என் கையில் இருந்தது. கீழே ஒன்றும் என் கையில் இல்லை. அன்று பின்னேரம் நீ ஏணியடியில் நின்று கூப்பிட்டாய்.

“அப்பா, கீழை வாங்கோ.”

“அஞ்சு நிமிசம். படம் எடுக்கிறன்.”

“அப்பா, இப்ப வாங்கோ.”

“அசையாதை, தம்பி. அஞ்சு நிமிசம்!”

இறங்கி வந்தபோது நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவள் கை உன் கையைப் பிடித்திருக்கவில்லை. அன்று நான் பகிடி விடவில்லை. நீயும் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை, அன்றும் பிறகும், கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான்கூட அப்போது பகிடி விடாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் எடுத்த படம்தான் என் வாழ்நாளிலேயே நல்ல படம். அம்மாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த கிழமை அதை இணையத்தில், பழைய ரயில் பிரியர்கள் கூடும் பக்கம் ஒன்றில் போட்டேன். உண்மைச் சந்தி என்றே பலர் நம்பிவிட்டார்கள். எழுபது தாண்டிய ஒரு அமெரிக்கர் எழுதினார்: தன் தகப்பன் அந்தக் கோபுரத்தில் வேலை செய்தவராம், வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம், ஜன்னலில் தெரிகிறவர் அவராக இருக்கலாமோ என்று. இது விளையாட்டுச் சாமான் என்று நான் எழுதியிருக்க வேண்டும். எனக்குத்தான் நாக்கு அடங்காதே. “இருக்கலாம், யாரோ ஒருவருடைய தகப்பன்தான்” என்று எழுதினேன். அவர் நன்றி சொல்லி இரண்டு பக்கம் எழுதினார், தகப்பன் மழையில் நனைந்து வருவதையும் தொப்பியை உதறுவதையும். நீ பூசிய மனிதனை அவர் பெரிதாக்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். நிறத்தைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நிழல் என்று நினைத்திருப்பார்.

இனி நீ போன நாள். அதற்கு முன்பு நீ சாப்பாட்டு மேசையில் சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. இன்டர்வியூ என்றாய்; நான் லூயிஷாமில் வேறு வேலை தேடுகிறாய் என்று நினைத்தேன். ஒருநாள் “விசா வந்திட்டுது அப்பா” என்றாய். பேங்க் கார்ட் என்று நினைத்து, “நம்பரை ஒருத்தருக்கும் சொல்லாதை” என்று புத்தி சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நான் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் சந்தியில் எதிரெதிரே வரும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து உன் குரல் வந்தது.

“அப்பா, நான் அமெரிக்காவுக்குப் போறன்.”

“இப்ப வராதை! படம் எடுக்கிறன்!”

பிறகு, “எவ்வளவு நேரம்?” என்றாய்.

“நாப்பது படம். அசையாதை!”

“ஓகே, அப்பா.”

மேலே ஏறி என்னிடம் வருகிறவன் “வாறன்” என்றல்லவா சொல்வான். நீ “போறன்” என்றாய். அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கியிருந்தால் போதும். நான் வாங்கினேன், தம்பி, வாங்கித்தான் இருந்தேன். லண்டனில் வளர்ந்த பிள்ளை, இன்னும் வாறனுக்கும் போறனுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, சாப்பிடும்போது திருத்த வேண்டும் என்று நினைத்தேன். உன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக முழுச் சரியான தமிழில் என்னிடம் ஒரு வசனம் சொன்னாய். அதைத்தான் பிழை என்று நினைத்தேன்.

நாற்பது படமும் எடுத்து முடித்த பிறகு வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கவுன்சில் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகிறாய், சொல்லாமலே செய்கிற பிள்ளை என்று மகிழ்ந்தேன். இறங்கி வந்தபோது நீ இல்லை. வேலைக்குப் பக்கம் என்று லூயிஷாமில் நண்பன் வீட்டில் நீ அடிக்கடி தங்குவதுதானே. மூன்றாம் நாள் போனில் செய்தி வந்தது: பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், திங்கள் வேலை தொடங்குகிறேன் என்று. நான் உடனே பதில் போட்டேன். “லூயிஷாமுக்குப் போய்ச் சேர மூண்டு நாளோ? நடந்தோ போனனீ?” பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி இரண்டு. நீ பார்த்ததற்கு அடையாளமாக டிக் நீலமானது. அதற்குப் பிறகு நான் போட்டதெல்லாம் உன்னிடம் வந்து சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அம்மா செத்த வீட்டை விட்டு, கடல் கடந்து, தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போன பிள்ளைக்கு நான் அனுப்பிய பதில் அது. இரண்டு மாதம் கழித்து அந்த நண்பன் வீட்டுக்குப் போய் மணியடித்தேன். வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். லூயிஷாம் கோயில் வாசலில் நாலு வெள்ளிக்கிழமை நின்று பார்த்தேன். நீ அங்கே இல்லை என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கலியாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது? லொஃப்ட் இல்லாத வீடாகப் பார். அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. திறந்தால் பகிடிதான் வரும், என் இரத்தம் உனக்கும் ஓடுகிறது. சிரிக்கிற ஆளுக்கு வலியில்லை என்று நினைக்காதே. அம்மா கடைசிவரை என் பகிடிக்குச் சிரித்தாள். நான் சீக்கிரம் ஏணியில் ஏறிப்போகட்டும், முகத்தைச் சுளிக்க ஒரு வசதி கிடைக்கட்டும் என்றுதான் சிரித்தாளோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அழைப்பிதழ் அனுப்பு என்று கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கில்லை. வந்தாலும் மணவறையைப் பார்க்காமல் பக்கத்தில் ஓடுகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் நிற்பேன், என்னை நம்ப முடியாது.

மகேஸ் அக்கா போனைக் காட்டிய அன்று வீட்டுக்கு வந்து, நீ போன நாளின் நாற்பது படங்களையும் திறந்தேன். அன்று அவை ஒன்றாகச் சேரவில்லை. நடுவில் கொஞ்சம் நடுங்கியிருந்தது, உன்னைத் திட்டிக்கொண்டே மூடி வைத்துவிட்டேன். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாறாவது வரை கல்லுப்போல நிற்கிறது. பதினேழிலிருந்து நடுக்கம். இஞ்சினின் விளிம்பு இரட்டிக்கிறது, தந்திக்கம்பங்கள் ஆடுகின்றன. ஜன்னலில் நிற்கும் உன் மண்ணிற மனிதனின் முகம் கலைந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தவன் போல இருக்கிறான். ஏழு படம். ஏறக்குறைய அரை நிமிடம். வெறுமனே ஏணியடியில் நின்றால் இப்படி நடுங்காது. நீ ஏறியிருக்கிறாய், தம்பி. நான் “வராதை” என்ற பிறகும் ஏறி வந்திருக்கிறாய். என் முதுகுக்குப் பின்னால், லொஃப்டின் தரைக்கதவு மட்டத்தில், உன் தலை தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை.

என்னைத் தூங்கவிடாதது அதுவும் அல்ல. இருபத்துநாலாவது படத்திலிருந்து நாற்பது வரை ஒரு துளி நடுக்கம் இல்லை. ஊசி முனைபோலத் தெளிவு. ஆனால் நீ இறங்கியிருக்கிறாய், பெட்டியை எடுத்திருக்கிறாய், படி இறங்கிக் கதவைச் சாத்தியிருக்கிறாய். எல்லாம் அந்தப் பதினேழு படத்துக்குள். “அசையாதை” என்று நான் சொன்னதற்காக, என் படம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஏணியின் ஒரு படியில் காலை வைத்து, நான் அடுத்த படத்துக்கு மாறும் இடைவெளியைக் காதால் கேட்டு, அடுத்த படியில் காலை வைத்து. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு மாதமாகக் கமெராவைத் தானாக ஓடவிட்டுவிட்டு நானும் இறங்கிப் பார்க்கிறேன். செருப்பில்லாமல், சொக்ஸோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, முன்பக்கமாக. ஒவ்வொரு முறையும் அமெரிக்கா நடுங்குகிறது. இருபத்தாறு வருடம் பஸ்ஸில் பிரேக் பிடித்த கால், ஒரு ஏணியில் சத்தமில்லாமல் இறங்கத் தெரியவில்லை.

வேறொன்றும் எழுத வேண்டாம். அதை மட்டும் எழுது. எப்பிடியடா இறங்கினாய்?

அப்பா